ஏழாம் இலக்கின் பத்தாவது குண்டு

பிப்ரவரி 3

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்கு நேரில் தெரியாது. உங்கள் அண்ணன் இருந்த குறிபார்த்துச் சுடும் பிரிவில் நானும் இருந்தேன். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறேன் என்று என் மனைவியே போய் முறையிட்டாளோ என்னவோ, பிரிவின் நினைவறைப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். பழைய தோட்டாக் கிடங்குக்கு வெள்ளையடித்துக் கண்ணாடிப் பெட்டிகள் போட்டிருக்கிறோம். பிரிவு தொடங்கிய நாளான ஜூன் 14 அன்று திறப்பு.

பழைய ஆட்களிடமும் குடும்பத்தாரிடமும் பொருள்களைக் கேட்டு வாங்கி வைக்கிறோம். துப்பாக்கித் தோள்வார், தொப்பி, காதடைப்பான் என்று வந்துகொண்டிருக்கின்றன. ஒரு அம்மா கணவருடைய பல்செட்டை அனுப்பியிருக்கிறார். சுடும்போது பல்லைக் கடித்துக் கடித்தே மூன்று செட் உடைத்தவர் அவர். தப்பித்தது இது ஒன்றுதான்.

உங்கள் அண்ணன் போன வருடம் தவறிவிட்டார் என்று தாமதமாகத்தான் தெரிந்தது. வருந்துகிறேன். அவரை நாங்கள் ஒற்றைக்கண்ணன் என்போம். எங்களுக்கெல்லாம் இரண்டு கண்ணையும் திறந்துவைத்துச் சுடத்தான் பயிற்சி. அவர் மட்டும் கடைசிவரை இடது கண்ணை மூடித்தான் சுட்டார். டீ குடிக்கும்போதும் மூடிக்கொள்வார் என்று கேலி செய்வோம். முழங்கையில் பச்சை நிறத் தோல் வைத்துத் தைத்த அவருடைய கோட்டு உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். "என் தங்கச்சி தைச்சது, நான் கிழிஞ்சாலும் இது கிழியாது" என்பார்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். மூன்றே கேள்விகள்தான். பொருள் என்ன, யாருடையது, எப்படி உங்களிடம் வந்தது. நீங்கள் எழுதியதை ஓர் எழுத்தும் மாற்றாமல் பொருளுக்குப் பக்கத்தில் வைப்போம். படிவத்தின் அடியிலேயே அதை அச்சிட்டுத் தளபதி கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

பதிலைக் கடிதமாகவே எழுதுங்கள். துப்பாக்கிச் சத்தத்தில் என் காது இரண்டும் போய்விட்டன. தொலைபேசியில் பேசினால் நீங்கள்தான் கத்திக் களைப்பீர்கள்.

இப்படிக்கு,
நினைவறைப் பொறுப்பாளர்

* * *

பிப்ரவரி 14

நினைவறைப் பொறுப்பாளருக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணன் செத்துப் பதினோரு மாதம் ஆகிறது. பிரிவிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. இப்போது கோட்டு வேண்டும் என்றதும் மட்டும் விலாசம் கிடைத்துவிட்டதா?

அவரைப் பிரிவிலிருந்து துரத்தியது யார் என்று உங்களுக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் இறுதிப் போட்டி. ஏழாம் இலக்கு என் அண்ணனுடையது. ஒன்பது குண்டு நன்றாகப் பட்டன. பத்தாவது குண்டுக்கு இலக்குக் குழியிலிருந்து சிவப்புக் கொடி காட்டினார்கள். அதாவது, குண்டு இலக்கிலேயே படவில்லையாம். மூன்று புள்ளியில் கோப்பை போனது. "நடுவுலதான் அடிச்சேன். குழியில இருக்கிறவன் குருடன்" என்று அண்ணன் கத்தினார். குழியை அவமதித்ததற்கு மன்னிப்பு எழுதிக் கொடு என்றார்கள். அவர் பேனாவைத் தொடவில்லை. இரண்டாம் நாள் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். உங்கள் பெயர்ப்பலகையில் அந்த வருடத்து அணி எட்டுப் பேர். ஒரு பெயர் மேல் வண்ணம் பூசி மறைத்தார்கள். எட்டுப் பேர் சுட்ட போட்டியில் இன்றைக்கு ஏழு பேர்தான் தெரிகிறார்கள். இதற்குப் பெயர் வரலாறா?

கோட்டு என்னிடம்தான் இருக்கிறது. தோள்வாரும் இருக்கிறது. அவருடைய குறிப்பேடும் இருக்கிறது. ஒவ்வொரு குண்டும் எங்கே போனது என்று இலக்கு திரும்பி வருவதற்கு முன்னாலேயே புள்ளி வைத்துவிட வேண்டுமாமே, அந்தக் குறிப்பேடு. கடைசிப் பக்கத்தில் பத்தாவது புள்ளியைச் சரியாக ஒன்பதாவது புள்ளியின் மேலேயே வைத்திருக்கிறார். அவசரத்தில் கை பழைய இடத்துக்கே போய்விட்டது போலிருக்கிறது. பக்கத்தில் குழி சொன்ன புள்ளியை எழுத ஒரு கட்டம் உண்டு. பூஜ்யம் எழுதச் சொன்னதற்கு மாட்டேன் என்று காலியாகவே விட்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் தருகிறேன். பெயரைப் பலகையில் இருந்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். முடியாது என்றால் சொல்லிவிடுங்கள். நான் வண்டிகளுக்கு சீட் தைக்கிறவள். கோட்டைப் பிரித்து ஏதாவது லாரி ஓட்டுநருக்கு மெத்தையாகப் போட்டால் அவராவது மரியாதையோடு உட்காருவார்.

ஒற்றைக்கண்ணனின் தங்கை

* * *

பிப்ரவரி 26

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கோபம் நியாயம். அதற்கு நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் பெயர்ப்பலகை என் கையில் இல்லை. அது தளபதியின் கையிலும் பாதிதான். மீதிக்கு மேலிடத்து உத்தரவு வேண்டும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. குழி சொன்னதே முடிவு. இலக்குகளுக்கு அடியில் ஆளுயரத்துக்கும் மேலான பள்ளம் அது. ஒரு குண்டு வந்ததும் இலக்கைக் கீழே இறக்குவோம். முந்தின ஓட்டையில் குத்தியிருக்கும் வில்லையை எடுத்துவிட்டு அந்த ஓட்டையைப் பசைத்தாளால் மூடுவோம். வில்லை என்றால் உள்ளங்கை அகலத்தில் ஆரஞ்சு நிற அட்டை. நடுவில் ஒரு முளை இருக்கும். அதைப் புது ஓட்டையில் செருகி இலக்கை மேலே ஏற்றுவோம். தூரத்தில் படுத்திருப்பவர் அதைப் பார்த்துத்தான் தன் குண்டு எங்கே பட்டது என்று தெரிந்துகொள்வார். புது ஓட்டை இல்லை என்றால் சிவப்புக் கொடி. குழியில் இருப்பவனை நம்பாமல் இந்தத் தொழிலே நடக்காது. அன்று ஏழாம் இலக்கில் யார் நின்றார்கள் என்று இப்போது யாருக்கு நினைவிருக்கிறது? யாராக இருந்தாலும் வேண்டுமென்றே கொடி காட்டியிருக்கமாட்டார்.

கோட்டை மட்டுமாவது கொடுங்கள். நல்ல வெளிச்சம் விழும் இடத்தில் வைக்கிறேன். பெயரை எழுதாவிட்டாலும் பார்த்தவர்களுக்குப் புரியும்.

இப்படிக்கு,
நினைவறைப் பொறுப்பாளர்

* * *

மார்ச் 11

பொறுப்பாளருக்கு,

முதல் விஷயம். என்னைத் தங்கச்சி என்று எழுதாதீர்கள். அப்படிக் கூப்பிட எனக்கு ஒரே ஒருத்தர்தான் இருந்தார். அவரைத்தான் நீங்கள் பூசி மறைத்துவிட்டீர்கள்.

இரண்டாவது, போன செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு உங்கள் நினைவறைக்கு வந்தேன். பஸ்ஸில் நாலரை மணி நேரம். நான் வருவது உங்களுக்கு எப்படித் தெரிந்ததோ, ஆள் இல்லை. வாசல்காரர் உள்ளே சொல்லி அனுப்பிய பிறகு, பின்பக்கக் கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. காது கேட்காதவர்கள் கதவை மெதுவாகச் சாத்தமாட்டார்கள்.

அங்கே இருந்த டைப்பிஸ்ட் அம்மா நல்லவர். டீ கொடுத்தார். பலகையைக் காட்டினார். ஏழு பெயரும் மரத்தில் செதுக்கிப் பொன்வண்ணம் ஏற்றியவை. ஐந்தாவது வரியில் கெட்டியாகக் காப்பிநிற வண்ணம். அதன்மேல் விரலை வைத்துத் தடவினேன். எழுத்தெல்லாம் உள்ளேயே இருக்கிறது. முதல் எழுத்து முதல் கடைசி எழுத்துவரை என் விரலுக்குத் தெரிந்தது. அங்கேயே அழுதேன். யார் பார்த்தால் என்ன?

பிறகு அந்த அம்மாவிடம் கேட்டேன், அந்தப் போட்டியில் குழியில் யார் யார் இருந்தார்கள் என்று. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கென்னம்மா தெரியும், நான் வந்து பத்து வருஷம்தான் ஆகுது. எங்க சாரையே கேளுங்க, அவரும் அன்னிக்குக் குழியிலதான் இருந்தாராம்" என்றார்.

யாருக்கு நினைவிருக்கிறது என்று எவ்வளவு அழகாக எழுதியிருந்தீர்கள்! எனக்கு நீண்ட பதில் வேண்டாம். அன்றைக்கு நீங்கள் நின்றது எத்தனையாவது இலக்கில்? எண்ணை மட்டும் எழுதுங்கள்.

* * *

மார்ச் 19

அம்மா,

கேள்வி கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணாயின. கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

* * *

மார்ச் 23

முப்பத்தொரு வருடம் போதவில்லையா? இன்னும் எத்தனை தாள் வேண்டும், கட்டாக வாங்கி அனுப்பட்டுமா?

* * *

ஏப்ரல் 2

அம்மா,

ஏழு.

சிவப்புக் கொடியைத் தூக்கியவன் நான்தான்.

அன்று காற்று பலமாக இருந்தது. அதற்கு முன்பே இரண்டு முறை என் வில்லை காற்றில் கழன்று விழுந்திருந்தது. பத்தாவது குண்டின் சத்தம் கேட்டதும் இலக்கை இறக்கினேன். வில்லையைக் காணவில்லை. மறுபடி காற்று பிடுங்கிவிட்டது என்று நினைத்தேன். புது ஓட்டையைத் தேடினேன், இல்லை. கொடி காட்டினேன். ஏழாம் இலக்கை மறுபடி பார்க்கச் சொல்லி மேலிருந்து கேட்டார்கள். பார்த்தேன். குழி அதிகாரியும் பார்த்தார். எட்டுப் பசைத்தாள், ஒன்பதாவது ஓட்டை, அவ்வளவுதான். மறுபடியும் கொடி காட்டினேன். அதுவரைக்கும் நான் பொய் சொல்லவில்லை. அந்த ஒன்றையாவது நம்புங்கள்.

எல்லாம் முடிந்து குழியைக் கூட்டும்போது பின்பக்க மணலில் வில்லை கிடந்தது. எடுத்தேன். காற்றில் விழுந்த வில்லையில் முளை இருக்கும். இதில் முளை இல்லை. முளை இருந்த இடத்தில் பென்சில் நுழையும் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. உங்கள் அண்ணனின் பத்தாவது குண்டு வில்லையின் நடு முளையைப் பிய்த்துக்கொண்டு ஒன்பதாவது ஓட்டை வழியாகவே போயிருக்கிறது. அதனால்தான் புது ஓட்டை இல்லை. அப்படிச் சுட்ட ஆளை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. குறிப்பேட்டில் அவர் கை தவறவில்லை அம்மா. புள்ளி மேல் புள்ளி என்று எங்கே பட்டதோ அங்கேதான் வைத்திருக்கிறார். உங்கள் முதல் கடிதத்தில் அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வில்லையோடு மேலே ஓடினேன். கோப்பை எதிர் அணியின் கைக்குப் போய்விட்டது. அன்றைய தளபதி முகம் சிவந்து நின்றார். உங்கள் அண்ணன் எல்லார் முன்னாலும் என்னைக் குருடன் என்றார். எனக்கு அவமானமாக இருந்தது, கோபமும் வந்தது. எல்லாவற்றையும் விடப் பயம். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று வில்லையைச் சட்டைக்குள் வைத்தேன். மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாள் அவர் போய்விட்டார். அதன் பிறகு சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம். நாள் ஏற ஏற அந்தக் கேள்வியும் பெரிதாகிக்கொண்டே போனது. பதவி உயர்வு கிடைத்தது.

வில்லை என் சவரப் பெட்டியில் இருக்கிறது. நான் ஒரு கோழை. நீங்கள் வந்த செவ்வாய்க்கிழமை பின்கதவால் போனதும் நான்தான். மன்னியுங்கள் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

* * *

ஏப்ரல் 10

ஏழாம் இலக்குக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடி படித்தேன். தையல் இயந்திரத்தில் பாதி தைத்த சீட் அப்படியே கிடந்தது. வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அண்ணன் அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று நீங்கள் ஒரு வரியில் கூடக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். இருபத்தாறு வருடம் எடைமேடையில் வேலை பார்த்தார். லாரி வந்து நிற்கும், முள்ளைப் பார்த்து எடை எழுதித் தருவார். ஒரு கிலோ கூடக் குறைய எழுதினார் என்று ஒரு ஓட்டுநர் சொல்லியிருக்கமாட்டார். துப்பாக்கியைத் தொடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதெல்லாம் போகட்டும், அதற்கெல்லாம் உங்கள்மேல் பழி போடமாட்டேன்.

கடைசி வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "குழியில இருக்கிறவனுக்கு எம்மேல என்ன பகை? அவன் எதுக்குப் பொய் சொல்லணும்? என் கைதான் அசைஞ்சிருக்கும் போல இருக்கு. நான்தான் வீண் வீம்பு பிடிச்சுட்டேனோ?" என்றார். "இல்லண்ணே" என்றேன். வாய் அப்படிச் சொன்னது. மனசுக்குள் நானும் ஒரு கணம் சந்தேகப்பட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. குறி பார்த்தே பழகிய கண் அது.

தன் மேலேயே சந்தேகத்தோடு அவர் செத்தார். அதே நேரத்தில் உங்கள் சவரப் பெட்டியில் பதில் இருந்தது. தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டே சவரம் செய்திருக்கிறீர்கள்.

மன்னிப்பா? என்னிடம் இல்லை. இருந்தாலும் அதைக் கொடுக்க வேண்டியவர் நான் இல்லை. இனி அந்த வார்த்தையை எழுதாதீர்கள். அழுதுகொண்டும் எழுதாதீர்கள், மை கலைந்து படிக்க முடியவில்லை.

வேலையைச் செய்யுங்கள். எனக்கு அனுப்பினீர்களே ஒரு படிவம், அதில் ஒன்றை எடுங்கள். பொருள்: வில்லை. யாருடையது: யாருடைய குண்டு பட்டதோ அவருடைய பெயர். எப்படி வந்தது: எனக்கு எழுதியதை அப்படியே அங்கே எழுதுங்கள். கொடுப்பவர் எழுதியதில் ஓர் எழுத்தும் மாறாது என்று தளபதியே கையெழுத்துப் போட்டிருக்கிறாரே. உங்கள் பெயரைப் போட்டுக் கொடுங்கள். நகல் எனக்கு வரட்டும். அதற்குப் பிறகு என் படிவத்தைப் பற்றிப் பேசலாம்.

* * *

மே 8

அம்மா,

நகல் இத்துடன் இருக்கிறது. நான்கு பக்கம். பதவி உயர்வையும் எழுதியிருக்கிறேன். சவரப் பெட்டியையும் எழுதியிருக்கிறேன். முதலில் என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "பின்கதவுல ஓடினதை எழுதலையே" என்றாள். அதையும் சேர்த்தேன்.

வில்லையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பக்கத்தில் நான்கு பக்கத்தையும் மாட்டினேன். தளபதி வந்து பார்த்தார். இளைஞர், அந்தப் போட்டி நடந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். "நினைவறை பெருமைக்காக வைக்கிறதுய்யா, பஞ்சாயத்துக்கு இல்ல. எடுத்துடுங்க" என்றார். எனக்கு இந்தப் பக்கக் காது கேட்காது என்றேன். அந்தப் பக்கம் வந்து சொன்னார். அந்தப் பக்கமும் கேட்காது என்றேன். எழுதிக் காட்டினார். நான் படிவத்தின் அடியில் இருந்த அவருடைய கையெழுத்தைக் காட்டினேன். மறுநாள் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வில்லையை உள்ளே வைத்து அறையைப் பூட்டிவிட்டார்கள்.

என் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பயம் வரவில்லை. பொருள் கொடுத்த எல்லாருடைய விலாசமும் என்னிடம் உண்டு. நாற்பத்து மூன்று பேர். அந்த நான்கு பக்கத்தையும் நகலெடுத்து நாற்பத்து மூன்று பேருக்கும் அனுப்பினேன். இதை மறைத்தால்தான் உங்கள் பொருளை வைப்பார்கள், சம்மதமா என்று கீழே ஒரு வரி.

முதலில் வந்தது பல்செட் அம்மா. கையில் துணிப்பையோடு தளபதியின் அறைக்கே போய்விட்டாராம். "எங்க வீட்டுக்காரர் பல்லைக் குடுங்க. அவரு உயிரோட இருந்தா இந்தப் பொய்யைக் கேட்டு இதையும் கடிச்சு உடைச்சிருப்பாரு" என்றாராம். டைப்பிஸ்ட் அம்மா சொன்னார். அந்த வருடத்து அணியில் உயிரோடு இருக்கும் நான்கு பேரும் எழுதிவிட்டார்கள், ஒற்றைக்கண்ணன் பெயர் வராவிட்டால் தங்கள் பெயர்கள் மேலேயும் வண்ணம் பூசிவிடும்படி. இதுவரை இருபத்தொன்பது பேர் பொருளைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடித்தாயிற்று. அறையில் வைக்க மிஞ்சப் போவது கண்ணாடிப் பெட்டிகள்தான்.

நேற்றுச் சாவி என்னிடம் திரும்பி வந்தது. வில்லை இருக்கலாமாம், நான்கு பக்கமும் இருக்கலாமாம். பலகைக்கு மட்டும் மேலிடத்து உத்தரவு வர ஒரு வருடம் ஆகுமாம். அதுவரை பலகைக்குக் கீழே ஒரு சின்னத் தகட்டில் அவர் பெயரைப் பொறித்து ஒட்டிக்கொள்ளலாமாம். இதுவே பெரிய விஷயம் என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இன்னொன்று. நடுவில் பட்ட குண்டுக்கு ஐந்து புள்ளி. அந்தக் குறிப்பேட்டில் காலியாக இருக்கும் கட்டத்தில் ஐந்து என்று எழுத என்னை விடுவீர்களா?

* * *

மே 17

ஐயா,

நான்கு பக்கத்தையும் அண்ணன் படத்துக்கு முன்னால் உரக்கப் படித்தேன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களும் கேட்கட்டும் என்று இன்னொரு முறை படித்தேன்.

கட்டத்தில் நீங்கள் எழுத வேண்டாம். அவர் காலியாக விட்டதை நிரப்ப யாருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. உங்கள் ஐந்தை நீங்கள் நான்கு பக்கத்தில் எழுதிவிட்டீர்கள், அது போதும்.

சின்னத் தகடு வேண்டாம். எட்டாவது ஆளாக எல்லாருக்கும் கீழே தொங்க அவர் பிற்பாடு வந்து சேரவில்லை. அணிப் பட்டியலில் ஐந்தாவதாக இருந்து சுட்டவர். ஐந்தாவது வரியில்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 14 அன்று நானே வருகிறேன். கோட்டு, தோள்வார், குறிப்பேடு, நிரப்பிய படிவம் எல்லாவற்றையும் கொண்டுவருவேன். இந்த முறை பின்கதவைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விவரம் வேண்டும். பலகையில் பெயரை மறைக்கப் பூசியது எண்ணெய் வண்ணமா, வேறு ஏதாவதா?

* * *

மே 25

அம்மா,

எண்ணெய் வண்ணம்தான். இரண்டு பூச்சு. பூசியவர் கிடங்குக்கு வண்ணம் அடித்த மிச்சத்தைத்தான் பயன்படுத்தினார் என்று நினைவு. ஏன் கேட்கிறீர்கள்?

ஏன் கேட்கிறீர்கள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். பிறகு யோசிக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். அன்றைக்கு விருந்தினர்கள் பதினோரு மணிக்கு வருவார்கள். அறையை ஒன்பது மணிக்குத் திறந்து வைக்கிறேன். எனக்கு வாசலில் நாற்காலி போடும் வேலை இருக்கும்.

* * *

ஜூன் 16

அம்மா,

நீங்கள் பஸ் பிடிக்கப் போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். தபாலுக்குக் காத்திருக்காமல் இன்று இரவு பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

தளபதி பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். காப்பிநிற வண்ணத்தோடு பொன்வண்ணமும் போய்விட்டதால் மற்ற ஏழு பெயரும் மின்னுகின்றன, ஐந்தாவது மட்டும் வெறும் மரமாக இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள். அறை முழுக்க வண்ணம் கரைக்கும் தின்னர் வாடை. மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி தும்மிக்கொண்டே இருந்தார். பல்செட் அம்மா அவருக்குத் தன் முந்தானையைக் கொடுத்துவிட்டு, "யாரு பேருங்க அது, சத்தமாப் படிங்க, எனக்குக் கண்ணு தெரியல" என்றாராம். அந்த அம்மாவுக்குக் கண் நன்றாகவே தெரியும். அதிகாரி சத்தமாகப் படித்தார். பிரிவுக்குள் உங்கள் அண்ணன் பெயரை உரக்கச் சொல்லி முப்பத்தொரு வருடம் ஆகிறது. எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அதிகாரியின் உதடு அசைவதைப் பார்த்தேன். பழைய அணியின் நால்வரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன்.

கோட்டுக்கு முன்னால் கூட்டம் குறையவே இல்லை. உங்கள் படிவத்தில் மூன்றாம் கேள்விக்கு ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். "அவர் கழற்றினார், நான் எடுத்து வைத்தேன்." ஓர் எழுத்தும் மாற்றவில்லை.

நேற்று ஓர் ஓலை வந்தது. பிரிவின் சொத்தைச் சேதப்படுத்தியது யார் என்று எழுத்துமூலம் விளக்கம் வேண்டுமாம். நீங்கள் வீணாக அலைய வேண்டாம். சேதப்படுத்தியது நான்தான் என்று எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் கொடுத்துவிடுவேன். இதையாவது உங்களுக்காகச் செய்ய விடுங்கள்.

* * *

ஜூன் 17

ஐயா,

இந்தக் கடிதத்தை அஞ்சலில் போட்டால் நேரத்துக்கு வராது என்று, உங்கள் ஊருக்கு வரும் பஸ் ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு சீட் தைத்தது நான். டைப்பிஸ்ட் அம்மாவிடமும் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், நீங்கள் எழுதியதை வாங்கி மேசைக்குள் பூட்டி வைக்கும்படி. பூட்டியாயிற்று என்றார்.

அதைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போடுங்கள். அது பொய். ஒரு பொய்யை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கொண்டுபோய் வைப்பீர்களா? என் குடும்பத்துப் பொருள் ஒன்று உங்களிடம் முப்பத்தொரு வருடம் இருந்தது. இதையும் உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ள விடமாட்டேன். தின்னர் என்னுடையது, துணி என்னுடையது, தேய்த்த கை என்னுடையது. இன்னும் கட்டைவிரலில் காப்பிநிறம் போகவில்லை. கழுவவும் இல்லை.

தளபதிக்குச் சேர்க்க வேண்டியதை இத்துடன் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். உறை ஒட்டவில்லை, நீங்களும் படிக்கலாம். அதில் இருப்பது இவ்வளவுதான்: "பலகையில் ஐந்தாவது பெயரின் மேல் இருந்த வண்ணத்தை நான் எடுத்தேன். மறுபடி பூசினால் மறுபடி எடுப்பேன். மன்னிப்பு எழுதித் தரமாட்டேன், எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை. விசாரிக்க வருவதாக இருந்தால் பஸ் நிலையத்துக்கு எதிரில் சீட் தைக்கும் கடை. ஞாயிறு விடுமுறை, மற்ற நாள்களில் காலை ஒன்பது மணியிலிருந்து இருப்பேன்."

ஒற்றைக்கண்ணனின் தங்கை